என்பிஏ வரலாற்றின் சிறந்த சென்டர் யார்? வாதத்தில் திணறாமல் இருக்கச் சில வழிகள்

கூடைப்பந்து பார்க்கிற நாலு பேர் சேர்ந்தால், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் சிறந்த சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்) யார் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஒருவர் ஷாக் (ஷாகில் ஓ'நீல்) என்பார், இன்னொருவர் கரீம் என்பார், மூன்றாமவர் யோகிச் என்று சொல்லிவிட்டு ஃபோனில் வீடியோ தேட ஆரம்பிப்பார். அரை மணி நேரம் கத்தித் தொண்டை வறண்ட பிறகும் ஒருவரும் இறங்கி வந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் மூன்று பேரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் வாயைத் திறந்ததும் முதல் வேலை, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கறாராகக் கேட்பது. மொத்த ஆட்ட வாழ்க்கையா, ஒரே ஒரு சீசனா? மொத்த வாழ்க்கை என்றால் கரீம் அப்துல்-ஜப்பாரை அசைப்பது ரொம்பக் கஷ்டம். 1969 முதல் 1989 வரை 20 சீசன், ஆறு எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது), ஆறு சாம்பியன் பட்டம், 38,387 புள்ளிகள் (அந்தச் சாதனையை லெப்ரான் 2023 பிப்ரவரியில்தான் தாண்டினார்). ஃபைனல்ஸ் எம்விபியை (இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது) 1971இல் ஒரு முறை வாங்கியவர், 1985இல் மறுபடியும் வாங்கினார். ஆனால் கேள்வி ஒரே சீசன் என்றால் கதை மாறிவிடும். 1993-94இல் ஹக்கீம் ஒலாஜுவான் எம்விபி, சிறந்த டிஃபென்ஸ் வீரர், ஃபைனல்ஸ் எம்விபி மூன்றையும் ஒரே சீசனில் வாங்கினார், வேறு யாரும் அதைச் செய்ததில்லை. 2000 ஃபைனல்ஸில் ஷாக் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 38 புள்ளி அடித்தார், எதிரணி பேசர்ஸிடம் அதற்குப் பதிலே இல்லை.

அப்புறம் டங்கன் விவகாரம். டிம் டங்கன் பவர் ஃபார்வர்டா (சென்டருக்கு அடுத்த இடம்) சென்டரா என்பதை ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் வாதம் உங்கள் பக்கம் சாயும் நேரத்தில் எதிராளி டங்கனை உள்ளே இழுத்துவிடுவார்.

இனி எண்கள். வில்ட் சேம்பர்லினை ஆதரிப்பவர் கையில் பெரிய பெரிய எண்கள் இருக்கும்: 1961-62இல் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து வரும் பந்தைப் பிடிப்பது), நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. எல்லாம் உண்மை. பயப்பட வேண்டாம், அந்த எண்களை அந்தக் காலத்துக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். அன்று ஆட்டம் அசுர வேகத்தில் ஓடியது, ஷாட்டுகள் நிறைய தவறின, ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 71 ரீபவுண்ட் எடுத்தது. அப்படியானால் வில்ட் எடுத்தது அணியின் சராசரியில் 36 சதவீதம். முப்பது வருஷம் கழித்து, 1991-92இல், ஓர் அணியின் சராசரி 44க்குப் பக்கத்தில் இருந்தபோது டெனிஸ் ராட்மன் (அவர் சென்டர் இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்) 18.7 எடுத்தார். அது 42 சதவீதத்துக்கு மேல். இதைச் சொன்னால் எதிராளி கொஞ்சம் அமைதியாவார். ஆனால் விவரம் தெரிந்தவராக இருந்தால் திருப்பி அடிப்பார்: அந்த சீசனில் வில்ட் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார், ஆட்டமே 48 நிமிடம்தான், ஓவர்டைமையும் சேர்த்துக் கிட்டத்தட்ட உட்காரவே இல்லை. அதற்குப் பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

மோதிரம் (சாம்பியன் பட்டத்துக்கு ஒன்று) எண்ணுகிறவர்களைச் சமாளிப்பது சுலபம். ராபர்ட் ஹோரியிடம் ஏழு இருக்கிறது, மைக்கேல் ஜோர்டனிடம் ஆறுதான், சரி, ஹோரிதான் பெரியவரா? ஆனால் இதே ஆயுதத்தை பில் ரஸ்ஸல் மேல் வீசாதீர்கள். 13 சீசனில் 11 பட்டம் வென்ற செல்டிக்ஸ் அணியின் டிஃபென்ஸ் முழுக்க அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது. வில்ட் 50 சராசரி வைத்த அதே சீசனில் எம்விபி போனது ரஸ்ஸலுக்கு. அன்றைக்கு எம்விபிக்கு ஓட்டுப் போட்டவர்கள் வீரர்கள்தான். பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஆல்-என்பிஏ முதல் அணியிலோ (சீசனின் சிறந்த ஐந்து பேர்) சென்டர் இடம் வில்ட்டுக்கு. நம் சண்டை அப்போதே நடந்திருக்கிறது, பாருங்கள்.

விருதுகளை அடுக்கும்போது அவை எப்போது தொடங்கின என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைனல்ஸ் எம்விபி விருது வந்ததே 1969இல், ரஸ்ஸலின் கடைசி சீசனில். அதுவும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. இன்று அந்த விருதுக்கே ரஸ்ஸலின் பெயர்தான், அவரிடமோ ஒன்றுகூட இல்லை. பிளாக்குகளை (எதிராளியின் ஷாட்டைக் கையால் தடுப்பது) என்பிஏ எண்ணத் தொடங்கியது 1973-74இல். ஆகவே ஹக்கீமின் 3,830 பிளாக்தான் சாதனை என்று சொல்லும்போது, ரஸ்ஸலும் வில்ட்டும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

எண்கள் முட்டி நிற்கும்போது ஒரு முழு ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள், துண்டு வீடியோ வேண்டாம். என் தேர்வு 1995 மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டம். டேவிட் ராபின்சன் அந்த வருஷ எம்விபி, ஆட்டம் தொடங்கும் முன் சொந்த ரசிகர்கள் முன்னால் கோப்பையை வாங்குகிறார். அப்புறம் ஹக்கீம் அவர் மேலேயே 41 புள்ளி அடிக்கிறார். ஒரு பக்கம் போவது போலத் தோளை அசைத்து, மறுபக்கம் சுழன்று, ஷாட் போடுவது போலப் பந்தை உயர்த்தி, ராபின்சன் எம்பியதும் அவர் கைக்குக் கீழே புகுந்து போடுகிற அந்த மூவை நாலு தடவை நிறுத்திப் பாருங்கள். ராபின்சனும் சாதாரண டிஃபெண்டர் இல்லை, 1992இல் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கியவர்.

உங்கள் ஆளின் பலவீனத்தை எதிராளிக்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. ஷாக்குக்கு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) வராது, வாழ்நாள் சராசரி 52.7 சதவீதம். யோகிச் 2014 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 41ஆவது ஆளாகத் தேர்வாகி, மூன்று எம்விபியும் 2023 பட்டமும் வென்று, 2024-25இல் சராசரியாகவே டிரிபிள்-டபுள் (புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்துக்குக் குறையாமல்) வைத்தவர், ஆனால் கூடைக்கு அடியில் நின்று தடுப்பதில் இந்தப் பட்டியலில் கடைசி. ஹக்கீமுக்கோ, ஜோர்டன் இல்லாத நேரத்தில் ஜெயித்தவர் என்ற பேச்சு எப்போதும் உண்டு. 1994க்கு அது பொருந்தும். 1995 பிளேஆஃபில் (பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளில்) ஜோர்டன் இருந்தார், அவருடைய புல்ஸை ஷாக்கின் ஆர்லாண்டோ வெளியேற்றியது, அந்த ஆர்லாண்டோவை ஹக்கீமின் ராக்கெட்ஸ் 4-0 என்று துடைத்தது.

என்னைக் கேட்டால், ஒரு சீசனுக்கு ஹக்கீம், மொத்தத்துக்குக் கரீம். மொத்தத்தில் இரண்டாவது யார் என்று மட்டும் கேட்காதீர்கள், ரஸ்ஸலா வில்ட்டா என்று தொடங்கினால் விடிந்துவிடும்.