ஊரில் ஒரு வீடு, சென்னையில் ஒரு வீடு: இரண்டிலும் குறைந்த செலவில் தொலைக்காட்சி பார்க்க

வேலைக்காகச் சென்னையில் ஒரு வீடும் பெற்றோர் வாழ்ந்த ஊர்வீடும் வைத்திருப்பவர்களில் பலர், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டுமே திறக்கும் வீட்டுக்கும் மாதந்தோறும் கேபிள் கட்டணம் கட்டிவருகிறார்கள். ஒரே வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை வேறு ஊரிலுள்ள வீட்டுக்குப் பொருந்தாது என்பதால், இந்தச் செலவைக் குறைக்க வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஊர்வீட்டுக்கு நான் முதலில் சொல்வது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 முதல் இருந்துவரும் இச்சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வாங்கிப் பொருத்தும் செலவு ஒருமுறைதான். வீடு பல மாதங்கள் பூட்டிக் கிடந்தாலும் ரீசார்ஜ் கவலை இல்லை. ஆனால் அதில் இந்திச் சேனல்களே மிகுதி. டிடி தமிழ் வரும். வீட்டுப் பெரியவர்கள் நாள் தவறாமல் பார்க்கும் தொடர் வரும் சேனல் அதில் உண்டா என்று கேட்டறிந்த பிறகே வாங்குங்கள்.

அந்தச் சேனல் இல்லையென்றால், கட்டண டிடிஎச் இணைப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டு மாடியிலும் அதே நிறுவனத்துக்கான டிஷ்ஷைப் பொருத்தி, செட்டாப் பாக்ஸைக் கையோடு கொண்டுபோகலாம். இதற்கு நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கேபிள் பாக்ஸில் இது நடக்காது. அது அந்தந்தப் பகுதி ஆபரேட்டரின் கம்பியோடு கட்டுண்டது. கேபிள்தான் வேண்டுமென்பவர்கள், வீட்டைப் பூட்டுவதற்குப் போதிய நாட்கள் முன்னதாகவே ஆபரேட்டரிடம் சொல்லி, இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் அதற்கு இடமுண்டு.

இணையவழியில் பார்ப்பவர்களுக்கு, தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறு ஸ்டிக் ஒன்றே இரு வீட்டுக்கும் போதும். கவனிக்க வேண்டியது டேட்டாதான். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை செலவாகும் என்பதால், நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் ஒரு படம்கூட முடியாது. தரத்தைக் குறைத்துவைத்தால் மணிக்கு 1 ஜிபி அளவில் பார்த்துவிடலாம். பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களை நேரலையாக இலவசமாகவே பார்க்க முடியும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஊர்வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது பாக்ஸின் மின்செருகியோடு டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் பாக்ஸ் பழுதாவது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான்.