களைப்பு வேறு, பலவீனம் வேறு: வலுதூக்குதல் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி கல்லூரி நோட்டோடு ஜிம்முக்கு வந்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 12 வாரத்துக்கும் சதவீதக் கணக்கு எழுதி வைத்திருந்தான். ஓரத்தில் எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்றெல்லாம் பென்சிலில் குறிப்பு. அவ்வளவு உழைப்பு. ஆனால் போட்டிக்கு 16 நாள் இருக்கும்போது, "ஸ்குவாட் பத்து கிலோ இறங்கிடுச்சுண்ணா, வாரத்துல இன்னொரு நாள் சேர்த்துப் போடலாம்னு இருக்கேன்" என்றான். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பேச்சு.

முதுகை வளைக்காதே, பெல்ட்டை இறுக்கு, வார்ம்அப் செய் என்பதையெல்லாம் எந்த மாஸ்டரும் முதல் நாளே சொல்லிவிடுவார். வலுதூக்குதல் என்றால் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்தபடி மார்பிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) என்ற மூன்று லிஃப்ட். நான் எழுத நினைப்பது, பலத்தின் அறிவியலைப் படிக்க ஆரம்பித்த பிறகு வரும் தவறுகளைப் பற்றி.

ஆய்வின் கடைசி வரியை மட்டும் படிப்பது

2014இல் அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏற்கெனவே பயிற்சி உள்ள ஆண்களில் ஒரு பிரிவுக்கு 3 செட், செட்டுக்கு 10 ரெப் (ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்). இன்னொரு பிரிவுக்கு 7 செட், 3 ரெப். தூக்கிய மொத்த எடை ஏறக்குறைய சமம். 8 வாரம் கழித்துப் பார்த்தால் தசை வளர்ச்சி இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பலம் மட்டும் கனமாகத் தூக்கியவர்களுக்கு அதிகம் கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு "இனிமேல் மூணு ரெப்தான்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆய்வை முடித்தவர்கள் 17 பேர்தான் என்பதும், கனமாகத் தூக்கியவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்பதும், மூட்டு வலி, அசதி என்று அவர்கள்தான் சொன்னார்கள் என்பதும் உள்ளே இருக்கிறது.

2005இல் வந்த இன்னொன்று: 585 பேர், 12 வாரம், ஒரு கைக்கு மட்டும் ஒரே மாதிரிப் பயிற்சி. சிலருக்குப் பலம் கொஞ்சமும் கூடவில்லை, இன்னொரு முனையில் 250 சதவீதம் கூடியவரும் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் எடுத்த சராசரியை வைத்து உங்களுக்கு என்ன ஆகும் என்று எப்படிச் சொல்வது? யார் தூக்கினார்கள், எத்தனை பேர், எத்தனை வாரம் என்ற மூன்றையும் பார்த்த பிறகு முடிவைப் படியுங்கள்.

பளுதூக்குதல் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது

பிரிலெபின் அட்டவணை சோவியத் பளுதூக்குதல் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளிலிருந்து வந்தது. மேக்ஸில் (ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை) 80 முதல் 90 சதவீத எடைக்கு ஒரு பயிற்சியில் மொத்தம் சுமார் 15 ரெப், 90க்கு மேல் போனால் 7 என்று அது சொல்லும். பளுதூக்குதலின் ஸ்னாட்ச்சில், அதாவது தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவதில், பார் வேகமாக மேலே போகும், முடிந்ததும் கீழே போட்டுவிடலாம். நம் ஸ்குவாட்டிலும் பெஞ்சிலும் எடையைத் தாங்கிக்கொண்டே இறக்க வேண்டும், நடுவில் சிக்கினால் நொடிக்கணக்கில் முக்க வேண்டும். அது வேறு விதமான செலவு. அந்த அட்டவணையில் தொடங்கலாம், அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

ஃபார்முலா சொன்ன மேக்ஸை நம்புவது

ரெப் எண்ணிக்கையை வைத்து மேக்ஸைக் கணிக்கும் எப்லி ஃபார்முலாப்படி 100 கிலோவைப் பத்து தடவை தூக்கினால் மேக்ஸ் 133. பல பேருக்கு உண்மையில் 120தான் வரும். அப்புறம் 133க்கு 85 சதவீதம் என்று 113 போடுகிறார்கள். நிஜ மேக்ஸுக்கு அது 94 சதவீதம். மூன்று ரெப்புக்குள் வரும் செட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

களைப்பைப் பலவீனம் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எட்டு வருடத்துக்கு முன்னால், மாநிலப் போட்டிக்கு ஐந்து வாரம் முன்னால் ஜிம்மில் 180 ஸ்குவாட் போட்டேன். நல்ல ஆழம், ஒழுங்கான லிஃப்ட். இரண்டு வாரம் கழித்து 170 வைத்தால் தோளில் வீடே இறங்கிய மாதிரி கனம். பலம் போய்விட்டது என்று பயந்தேன். தசைக்குச் சுமையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். அதனால் நான்காவது ஸ்குவாட் நாள் ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரு கனமான சிங்கிள் (ஒரே ஒரு ரெப்). போட்டிக்கு மூன்று நாள் முன்புவரை நிறுத்தவில்லை.

போட்டி அன்று வார்ம்அப் அறையில் 150 எடுத்தபோதே முழங்கால் நடுங்கியது. முதல் அட்டெம்ப்ட் 172.5. ஆழம் போதவில்லை, சிவப்பு விளக்கு. இரண்டாவது தடவை கீழே இறங்கினேன், பாதி வழியில் பார் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஸ்பாட்டர்கள் கை போட்டுத் தூக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவதும் அதே இடத்தில் நின்றது. ஸ்குவாட்டில் ஒன்றாவது செல்ல வேண்டும்; இல்லாவிட்டால் டோட்டல், அதாவது மூன்று லிஃப்ட்டின் கூட்டுத்தொகை, கிடையாது. பெஞ்சும் டெட்லிஃப்ட்டும் எவ்வளவு போட்டாலும் கணக்கில் வராது. ஒரு வருட உழைப்பு காலை பத்தரைக்குள் முடிந்தது.

மனசு சரியில்லாமல் 12 நாள் ஜிம் பக்கமே போகவில்லை. திரும்பிப் போன அன்று 185 எடுத்தேன். இடையில் நான் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. அந்தப் பலம் போட்டி அன்றும் என் காலில் இருந்தது, களைப்பு அதை மூடியிருந்தது.

இதற்கான விளக்கம் 1970களிலேயே கனடாவில் உடலியல் ஆய்வாளர் எரிக் பானிஸ்டர் முன்வைத்ததுதான். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டைச் சேர்க்கிறது: கொஞ்சம் திறன், நிறையக் களைப்பு. திறன் மெதுவாகக் கரையும், களைப்பு வேகமாகக் கரையும். பாரில் இன்று தெரிவது திறனிலிருந்து களைப்பைக் கழித்த மிச்சம். அந்த மிச்சத்தையே பலம் என்று எடுத்துக்கொண்டால், களைப்பு கூடக் கூடப் பலம் குறைவதாகத் தோன்றும். மேலும் எடை போடுவோம். களைப்பு இன்னும் ஏறும்.

பலர் இதைப் படிக்காமல் உடல் அழுத்தத்தை (stress) ஆராய்ந்த ஹான்ஸ் செலியேவின் ஒற்றை அலைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். சுமை, சரிவு, மீட்சி என்று ஓர் அலை. செலியே 1936இல் எழுதியது எலிகளுக்கு ஊசி போட்டும் குளிரில் வைத்தும் பார்த்ததைப் பற்றி. அந்தப் படத்தில் திறனும் களைப்பும் ஒரே கோடு. சரிவு எதனால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

போட்டிக்கு முன் என்ன செய்வது? நியூசிலாந்தின் முன்னணி வலுதூக்குதல் வீரர்கள் 11 பேரிடம் கேட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. கடைசி இரண்டு மூன்று வாரத்தில் அவர்கள் செட், ரெப் அளவைப் பாதிக்கும் மேல் வெட்டுகிறார்கள். எடையைக் கடைசிவரை ஓரளவு கனமாகவே வைத்திருக்கிறார்கள். கடைசிப் பயிற்சி போட்டிக்குச் சராசரியாக நான்கு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது. நான் செட், ரெப் அளவில் இதற்கு நேர் எதிராகச் செய்திருந்தேன்: வெட்டுவதற்குப் பதிலாகக் கூட்டியிருந்தேன்.

களைப்பா, நிஜமாகவே பலம் குறைந்ததா என்று தெரிந்துகொள்ள நான் இப்போது பார்ப்பது இவை. வார்ம்அப் எடையே மெதுவாக நகர்கிறதா? மூன்று லிஃப்ட்டும் சேர்ந்து இறங்கியதா, ஒன்று மட்டுமா? மூன்றும் இறங்கினால் பெரும்பாலும் களைப்பு; ஒன்று மட்டும் என்றால் நுட்பத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கி, எடையை மாற்றாமல் வைத்திருங்கள். எண் திரும்பி வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. ஒரு வாரம் பாதி செட் போட்டால் யாருக்கும் பலம் போகாது.

அப்புறம், ஒவ்வொரு செட்டுக்கும் சிரம மதிப்பு எழுதுங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் மைக் டக்ஷெரர் வலுதூக்குதலுக்குக் கொண்டுவந்த கணக்கு எளிது: இன்னொரு ரெப் கூட வராது என்றால் 10, இன்னும் இரண்டு வந்திருக்கும் என்றால் 8. எடை மாறாமல் இந்த எண் மட்டும் வாரா வாரம் ஏறினால், மேக்ஸ் இறங்குவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும்.

முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்பது

2003இல் ஏழு பேரை வைத்து அளந்து பார்த்தார்கள். முழங்கால் முன்னே போகாதபடி பலகை வைத்துத் தடுத்தால் முழங்காலின் சுமை ஓரளவு குறைந்தது. இடுப்பின் முறுக்கு விசை மட்டும் 28 நியூட்டன் மீட்டரிலிருந்து சுமார் 303க்குப் போனது. சுமை எங்கும் மறைவதில்லை, ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. தொடை நீளமானவர்களிடம் இந்த விதியைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மறுநாள் வலித்தால்தான் பலன் என்பது

இல்லை.

ஒரே வாரத்தில் இரண்டை மாற்றுவது

ஷூவையும் கால் அகலத்தையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒன்று மாற்றுங்கள், நான்கு வாரம் பாருங்கள்.

நடுவரின் கட்டளை இல்லாமல் பெஞ்ச் பயில்வது

மார்பில் பார் அசையாமல் நிற்க வேண்டும், "பிரஸ்" என்ற பிறகே தள்ள வேண்டும். தொட்டவுடன் தள்ளிப் பழகிய 110, போட்டியில் 102.5 ஆகும்.

அந்தத் தம்பியின் நோட்டில் நான்காவது நாளை அடித்துவிட்டு, செட்டைப் பாதியாக்கினோம். முதல் இரண்டு நாள் பொறுக்க முடியாமல் ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான். நேற்று 140 வைத்து மூன்று ரெப் போட்டான். போன வாரம் இதே எடைக்கு நோட்டில் 9 என்று எழுதியிருந்தான். சாக் பவுடர் ஒட்டிய விரலோடு பேனாவை எடுத்து 7 என்று எழுதினான். இன்னும் எட்டு நாள் இருக்கிறது.