சிவப்புக் கோடு காட்டிக்கொடுக்காத இறந்தகாலத் தவறுகள்

மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பல வருடங்களாக ஒரே தவறுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் தப்பாக எழுதினாலும் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுவிடும். எனக்கு எரிச்சல் தருபவை வேறு: இங்கே தப்பாக இருந்துகொண்டு, வேறு இடத்தில் சரியான சொல்லாக இருப்பவை. கோடு விழாது. நானும் இவை எல்லாவற்றையும் செய்தவன்தான்.

லீட் – லெட்

குழுவை வழிநடத்தினேன் என்பதை 'ஐ லெட் எ டீம்' என்று வாயால் சரியாகச் சொல்வார்கள். எழுதும்போது எல்-ஈ-ஏ-டி. வழிநடத்தியதற்கு எல்-ஈ-டி மட்டும்தான். நடுவில் 'ஏ' கிடையாது.

ஏன் வழுக்குகிறது? 'ரீட்' இறந்தகாலத்தில் 'ரெட்' என்று ஒலிக்கும், எழுத்து மட்டும் மாறாது. அதே கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறோம். போதாக்குறைக்கு ஈயத்துக்கும் ஆங்கிலத்தில் எல்-ஈ-ஏ-டிதான், ஒலியோ 'லெட்'. கண்ணுக்குப் பழகிய வடிவம், கை அதையே எழுதுகிறது.

வேலை தேடிய காலத்தில் என் பயோடேட்டாவில் இப்படித்தான் இருந்தது. நேர்முகத்தில் ஒருவர் அந்த வரியைப் பேனாவால் சுழித்து, "இந்தக் குழுவை இப்போதும் நீங்கள்தான் நடத்துகிறீர்களா? வேலையை விட்டு 4 மாதம் ஆகிறது என்று கீழே இருக்கிறதே?" என்றார். நான் ஏதேதோ விளக்கினேன். விளக்க விளக்க இன்னும் மோசமானது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் அந்த 'ஏ' கண்ணில் பட்டது. அந்த ஒரு எழுத்தால்தான் வேலை போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 5 நிமிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்தது அதனால்தான்.

போன வாரம் ஒரு மாணவர் கொண்டுவந்த ரெஸ்யூமில் ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இதே 'ஏ'. கேட்டால், "ஃப்ரெண்டோடதைப் பார்த்துப் போட்டேன் சார்." அந்த ஃப்ரெண்ட் யாருடையதைப் பார்த்தாரோ. எல்.ஈ.டி. பல்பை நினைத்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். 'மிஸ்லெட்' எழுதும்போதும் அதே பல்புதான்.

ஃபவுண்ட் – ஃபவுண்டட்

தொலைந்த சாவி கிடைத்தால் 'ஃபவுண்ட்'. சங்கமோ கம்பெனியோ தொடங்கினால் 'ஃபவுண்டட்'. 'ஐ ஃபவுண்டட் மை கீஸ்' என்றால் சாவியை நிறுவினேன் என்று ஆகும்.

ஹங் – ஹேங்டு

சட்டையை மாட்டியதற்கு முதலாவது, ஆளைத் தூக்கிலிட்டதற்கு இரண்டாவது.

காஸ்டட்

500 ரூபாய் ஆனது என்றால் 'காஸ்ட்', மாறாது. செலவை மதிப்பிட்டுக் கணக்குப் போட்டால்தான் 'காஸ்டட்'.

லை, லே, லெய்ட்

படுப்பது 'லை', படுத்தது 'லே'. ஒரு பொருளைக் கீழே வைப்பதும் 'லே', வைத்தது 'லெய்ட்'. பொய் சொல்வதும் 'லை'தான், சொன்னது 'லைட்' (எல்-ஐ-ஈ-டி). ஆங்கிலமே தாய்மொழியாக இருப்பவர்களும் தடுமாறும் இடம் இது. எழுதும்போது பார்த்துக்கொள்ளுங்கள், பேச்சில் இதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

அட்டவணையை ஒப்பிப்பது

'கோ-வென்ட்-கான்' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள், நேற்று எங்கே போனீர்கள் என்றால் திணறுகிறார்கள். நில், சொல், கல் மூன்றும் 'ல்'லில்தான் முடிகின்றன. ஆனால் நின்றான், சொன்னான், கற்றான். அதற்கு யாராவது நமக்கு அட்டவணை கொடுத்தார்களா? ஆங்கிலத்திலும் பீ, ஹேவ், டூ, சே, கெட், மேக் என்று தினமும் வாயில் புழங்குபவைதான் ஒழுங்கில் அடங்காதவை. புழங்கித்தான் பிடிக்க வேண்டும். ராத்திரி தூங்கப்போகும் முன், அன்று செய்ததை 5 வாக்கியமாக எழுதுங்கள். எந்த வினை உங்களைச் சறுக்க வைக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எனக்கு 'லே' வரும்போது இன்னமும் பேனா ஒரு நொடி நின்றுதான் போகிறது.