குதிரை ஈ: பெயர் வைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

மாட்டின் முதுகில் வந்து உட்காரும் பெரிய ஈயைப் போட்டோ எடுத்து ஆப்பில் போட்டால், சில நொடிகளில் ஒரு லத்தீன் பெயர் வந்துவிடுகிறது. பெயரின் முதல் பாதி, அதாவது பேரினம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாம் பாதியில்தான் வம்பு. குதிரை ஈக்களின் குடும்பமான டபானிடேயில் உலகெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. அவற்றில் ஏராளமானவற்றைப் பிரித்துக் காட்டுவது இரண்டு கண்களுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய நெற்றி. நாம் எடுக்கும் போட்டோக்களில் விழாமல் போவதும் அதே நெற்றிதான்.

அதற்கு முன், அது குதிரை ஈதானா என்று பார்த்துவிட வேண்டும். கண்ணில் கோடோ புள்ளியோ தெரிந்தால் உடனே குதிரை ஈ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. எரிஸ்டாலினஸ் என்ற மலர் ஈக்களுக்கும் கண்ணில் அப்படித்தான் இருக்கும். அவை தேன் குடிப்பவை, கடிக்கவே கடிக்காது. தொழுவத்தில் காலைக் கடிக்கும் ஸ்டோமாக்ஸிஸ் வீட்டு ஈ அளவுதான், ஊசி போன்ற வாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டின் உடம்போடு தட்டையாக ஒட்டிக்கொண்டு, விரட்டினால் பக்கவாட்டில் ஓடும் ஹிப்போபாஸ்கா இன்னொரு குடும்பம். சந்தேகம் வந்தால் இறக்கையைப் பாருங்கள். குதிரை ஈக்கு முனைக்கு அருகே ஒரு நரம்பு கவையாகப் பிரிந்து, ஒரு கிளை முனைக்கு மேலேயும் இன்னொன்று கீழேயும் போய் முடியும். உணர்கொம்பில் வீட்டு ஈக்கு இருப்பது போலத் தனி முடி நீட்டி நிற்காது. நுனிப்பகுதி வளையம் வளையமாக இருக்கும்.

பேரினம் வரை போவது அவ்வளவு கஷ்டமில்லை. இறக்கையில் கரும்பட்டை, நீண்ட மெல்லிய உணர்கொம்பு, பின்காலில் தொடைக்கு அடுத்த பகுதியான முழங்குழலின் நுனியில் முள் என்றால் கிரைசாப்ஸ். சாம்பல் இறக்கையில் வெள்ளைச் சுழிகள் இருந்து, உட்காரும்போது அதைக் கூரை போலச் சாய்த்து வைத்திருந்தால் ஹீமட்டோபோட்டா. மிச்சத்தில் பெரும்பகுதி டபானஸ். சிக்கல் தொடங்குவது இங்கே.

டபானஸில் வயிற்றுக் கோடுகளை நம்பிப் பெயர் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்தியாவில் பழைய கால்நடை மருத்துவக் கட்டுரைகளைப் புரட்டினால் டபானஸ் ஸ்ட்ரையாட்டஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். வயிற்றின் நடுவில் வெளிறிய பட்டை, இருபக்கமும் ஒவ்வொரு பட்டை. பார்த்தால் சுலபமாகத் தோன்றும். குதிரை, ஒட்டகம், மாடுகளைத் தாக்கும் சர்ரா நோயைக் கடத்தும் ஈக்களில் இது முக்கியமானது என்பதால் இந்தப் பெயருக்கு எடை அதிகம். அந்த நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880-ல் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தது இப்போது பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில்; அதனால்தான் அதற்கு டிரிப்பனோசோமா எவன்சி என்று பெயர். ஆனால் 1981-ல் பர்கரும் தாம்ப்சனும் இந்த ஈக் கூட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, ஒன்றுக்கொன்று நெருங்கிய பல சிற்றினங்களாகவே அதைப் பிரித்து வைத்தார்கள். ஆகவே பழைய கட்டுரையில் உள்ள பெயரை அப்படியே நம் ஈக்கு ஒட்டுவது சரியில்லை. போட்டோவில் பட்டைகள் மட்டும் தெரிந்தால் ‘ஸ்ட்ரையாட்டஸ் கூட்டம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நிபுணர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சரி, நெற்றியில் என்ன பார்ப்பது? பெண் ஈக்கு இரு கண்களும் ஒட்டாமல் நடுவில் ஒரு பட்டை இருக்கும். அதன் உயரத்தை அடி அகலத்தால் வகுத்தால் வரும் எண் ஒரு முக்கிய அளவு. பட்டையின் அடியில் கேலஸ் என்ற பளபளப்பான மேடு இருக்கும். அது கண்ணைத் தொடுகிறதா, மேலே நூல் போல நீள்கிறதா, இல்லவே இல்லையா என்பதெல்லாம் பெயரையே மாற்றிவிடும். முகத்தை நேர் எதிரே வைத்து எடுத்த படத்தில்தான் இதை அளக்க முடியும். தலை 30 டிகிரி சாய்ந்திருந்தாலே உயரம் கிட்டத்தட்ட 13 சதவீதம் குறைந்து தெரியும். ஒடுங்கிய நெற்றி அகன்ற நெற்றியாகிவிடும். மேலிருந்து எடுத்த அழகான ஒரே படத்தைவிட, முகம், பக்கவாட்டு உணர்கொம்பு, விரிந்த இறக்கை என்று மூன்று சுமாரான படங்கள் மேல்.

கண்கள் ஒட்டியிருந்தால் அது ஆண். ஆண் கடிக்காது, கையில் சிக்குவதும் குறைவு. கேள்வி கேள்வியாகப் போய்ப் பெயரில் முடியும் ‘கீ’க்களில் பெரும்பாலானவை பெண்ணுக்காக எழுதப்பட்டவை. ஆணை அதில் ஓட்டினாலும் ஏதோ ஒரு பெயர் வந்து நிற்கும், அதுதான் ஆபத்து. ஐரோப்பாவுக்கு எழுதிய கீயில் இந்திய ஈயை ஓட்டினாலும் இதே கதைதான். நம் பக்கத்து டபானஸுக்கு கெர்ட்ரூட் ரிக்கார்டோ 1911-ல் எழுதியது பழசு, என்றாலும் தொடங்க அதுவே இடம். ஹீமட்டோபோட்டாவுக்கு ஸ்டோன், ஃபிலிப் இருவரும் 1974-ல் வெளியிட்ட நூல் இருக்கிறது.

பிடித்து வைத்த மாதிரியில் வேறு மாதிரித் தவறுகள். உயிரோடு இருக்கையில் பச்சையும் ஊதாவுமாக மின்னும் கண் பட்டைகள் செத்துக் காய்ந்ததும் மறைந்துவிடும். கண்ணில் பட்டை இல்லை என்று எழுதுமுன், ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பல நேரம் பட்டை திரும்பத் தெரியும், காய்ந்தால் மறுபடி போய்விடும். இதைவிட ஏமாற்றுவது உரசல். ஒரே புட்டியில் பத்து ஈக்களைப் போட்டுக் குலுக்கினால் உடம்பின் மேலுள்ள மாவு போன்ற பூச்சும் முடியும் உதிரும். நெற்றியிலும் அதற்குக் கீழேயும் பூச்சு போன இடம் பளபளவென்று கேலஸ் போலவே தெரியும், கேலஸ் பெரியது என்று கீயில் தவறான கிளைக்குப் போய்விடுவீர்கள். லென்ஸில் பாருங்கள்: உண்மையான மேட்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும், உரசிய இடத்தின் ஓரம் கந்தலாக, அங்கங்கே பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆல்கஹாலில் போட்டால் முடி ஒட்டி, பூச்சின் நிறமும் மங்கும். ஈயை ஊசியில் குத்திக் காயவைத்து, டிஎன்ஏவுக்கு ஒரு காலை மட்டும் ஆல்கஹாலில் வைக்கலாம். ஊசியை மார்பின் நட்டநடுவில் குத்தாமல் சற்று வலப்புறம் குத்துங்கள், இடப்புறமாவது முழுதாக மிஞ்சும். பெட்டியில் பாச்சை உருண்டை மறக்கக் கூடாது.

ஈயோடு ஊசியில் குத்தி வைக்கும் சீட்டில் இடமும் தேதியும் எழுதுகிறவர்கள்கூட, எந்த விலங்கின் மேல் பிடித்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். சர்ரா பற்றி ஆராய்பவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தகவல். பெயரை அதே சீட்டில் எழுத வேண்டாம். தனிச் சீட்டில் யார், எந்த ஆண்டு அடையாளம் கண்டார் என்பதோடு எழுதிக் கீழே குத்துங்கள். பின்னால் யாராவது பெயரைத் திருத்தினால் பழைய சீட்டை எடுத்து வீசாமல், புதியதை அதற்கு அடியில் சேர்ப்பதுதான் அருங்காட்சியகங்களில் வழக்கம்.