பழைய ரெய்டு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தரவை வைக்கும் ரெய்டு பெட்டி, ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு ஒருநாள் 'பீப்' அடிக்கும், அல்லது முன்பக்கத்தில் ஒரு விளக்கு சிவப்பாகும். உடனே பலரும் அந்த டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிவிடுகிறார்கள். பெட்டி புதிது என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பழைய பெட்டியில் இந்த அவசரம் ஆபத்து. மீதமுள்ள டிஸ்க்குகளும் அதே நாளில் வாங்கியவை, அதே சூட்டில் அதே அளவு நேரம் சுழன்றவை. அதனால் முதலில் தரவைக் காப்பாற்ற வேண்டும், பெட்டியைச் சரிசெய்வதெல்லாம் அப்புறம்.

படி 1: எந்த ரெய்டு என்று பாருங்கள்

நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கும். ரெய்டு 1, ரெய்டு 5 என்றால் (ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம்) ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 10-இல் ஒரே தரவை வைத்திருக்கும் ஜோடியின் இரண்டு டிஸ்க்கும் போகாதவரை பிழைக்கும். ரெய்டு 0 எதையும் தாங்காது. ரெய்டு 5-இல் ஏற்கெனவே ஒன்று போயிருந்தால், இப்போது உங்களுக்கு மிச்சப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

படி 2: எதையும் தொடாமல் குறித்துக்கொள்ளுங்கள்

எந்த ஸ்லாட்டில் எந்த சீரியல் எண் கொண்ட டிஸ்க் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். பிழைச் செய்திகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்று தோன்றும். வேண்டாம். பல வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமல் போவதுண்டு. திரையில் 'இனிஷியலைஸ்', 'புதிதாக உருவாக்கு', 'ஃபார்மட்' என்று எது கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

படி 3: இப்போதே பேக்கப்

ஒரு டிஸ்க் போன ரெய்டு 5, அதில் இருந்த பகுதியை மற்ற டிஸ்க்குகளிலுள்ள தரவையும் பாரிட்டியையும் (இழந்ததை மீட்க உதவும் கூடுதல் கணக்கு) வைத்துக் கணக்கிட்டுக் கொடுக்கும். மெதுவாக இருக்கும், ஆனால் கோப்புகள் வரும். மறுபடி உருவாக்க முடியாதவற்றை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ரீபில்டு, அதாவது போன டிஸ்க்கில் இருந்ததை மாற்று டிஸ்க்கில் மறுபடி உருவாக்குவது, வழக்கமாக மீதி டிஸ்க்குகளை முனை முதல் முனை வரை படிக்கும். நகலெடுப்பது உங்களுக்கு வேண்டிய கோப்புகளை மட்டும் படிக்கும். தளர்ந்த டிஸ்க்குகளிடம் பெரிய வேலையை வாங்குவதற்கு முன் சின்ன வேலையை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஹாட் ஸ்பேர் (பெட்டியிலேயே தயாராகக் காத்திருக்கும் உபரி டிஸ்க்) இருந்து ரீபில்டு தானாகவே தொடங்கிவிட்டதா? அதை ஓடவிட்டு, முக்கியமானவற்றை மட்டும் நகலெடுங்கள்.

படி 4: உண்மையிலேயே டிஸ்க்தான் கெட்டதா?

இங்கே நிதானம் தேவை. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறங்கள். மேலே பெரிதாகத் தெரியும் 'தேர்ச்சி' என்ற முடிவை நம்பாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அந்தத் தேர்வில் பாஸ் ஆகும். பார்க்க வேண்டியது கீழேயுள்ள வரிசைகளை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு.

எண் 5, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்). எண் 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. எண் 198, ஆஃப்லைன் சோதனையில் படிக்கவே முடியாதவை. இவை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

எண் 199 வேறு கதை. டிஸ்க்குக்கும் அதை இயக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே தகவல் பிசகுவதை அது எண்ணுகிறது. பெரும்பாலும் குற்றவாளி கேபிள், அல்லது டிஸ்க் செருகும் பின்பலகை. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் போதும்.

இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் காணாமல் போனால், இரண்டும் சேர்ந்து செத்தன என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் பவர் சப்ளை, கேபிள், கண்ட்ரோலர் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். பழைய பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் தளர்ந்து, எல்லா டிஸ்க்கும் ஒன்றாக வேலைசெய்யும்போது மின்சாரம் போதாமல் போகலாம். இந்த நிலையில் ரீபில்டு செய்ய முயலாதீர்கள். பேக்கப் இல்லையென்றால் பெட்டியை அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் நகலெடுத்து, அந்த நகல்களில்தான் கைவைப்பார்.

சாதாரண மேசைக் கணினி டிஸ்க் போட்டிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு கெட்ட செக்டரைப் படிக்க நிமிடக்கணக்கில் போராடலாம். பொறுமையிழந்த கண்ட்ரோலர் அதை வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கென்று வரும் டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் கைவிட்டுவிடும்.

படி 5: மாற்று டிஸ்க்

கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். சில செக்டர்கள் குறைந்தாலும் பெட்டி ஏற்காமல் போகலாம். சிஎம்ஆர் வகையாக (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எழுதுவது) பார்த்து வாங்குங்கள். தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று பகுதியாக ஏறும் எஸ்எம்ஆர் வகை ரீபில்டின்போது தவழும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையே ஆனது. ஆகவே டிஸ்க் வரும் அட்டைப்பெட்டியில் 'நாஸ்' (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கானது) என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, மாடல் எண்ணைத் தேடிப்பாருங்கள். சில பழைய கண்ட்ரோலர்கள் 2 டிபிக்கு மேல் பார்க்கவே பார்க்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 6: மாற்றுதல்

புது டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்து நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓட்டுங்கள். பழைய டிஸ்க் இன்னும் அரைகுறையாக உயிரோடு இருந்து, பெட்டியில் 'ரிப்ளேஸ்' வசதியும் இருந்தால், பழையதை எடுக்காமலேயே புதியதைப் பக்கத்தில் செருகி மாற்றுங்கள். இதுதான் மிகப் பாதுகாப்பான வழி.

இல்லையென்றால், குறித்துவைத்த சீரியல் எண்ணைச் சரிபார்த்து உருவுங்கள். டிஸ்க்கைக் காட்டும் விளக்கை ஒளிரவிடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஸ்லாட் எண் சில பெட்டிகளில் 0-விலும் சிலவற்றில் 1-லும் தொடங்கும். தவறான டிஸ்க் வெளியே வருவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

8 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் நிரப்ப ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். இடையில் பெட்டியைப் பயன்படுத்தினால் நாட்கணக்கில் இழுக்கும். அதுவரை வெப்பநிலையைக் கவனியுங்கள், கனமான வேலை கொடுக்காதீர்கள்.

படி 7: இனி எப்படி ஓட்டுவது?

மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓடட்டும். யாரும் திறக்காத கோப்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர்களை அதுதான் முன்கூட்டியே வெளியே கொண்டுவரும். மின்னஞ்சல் எச்சரிக்கை உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று ஒரு சோதனை அனுப்பிப் பாருங்கள். ஃபேனில் தூசி தட்டுங்கள். எழுதும் வேகம் திடீரென்று படுத்துவிட்டால் கண்ட்ரோலரின் பேட்டரியைப் பாருங்கள். அது தளர்ந்தால் பல கண்ட்ரோலர் கார்டுகள் பாதுகாப்புக்காகக் கேஷைத் (தற்காலிக நினைவகத்தை) தவிர்த்து நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்.

லினக்ஸின் மென்பொருள் ரெய்டு என்றால் டிஸ்க்குகளை வேறு லினக்ஸ் கணினிக்கு மாற்றிப் படித்துவிடலாம். கார்டு வழி ரெய்டில் பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டு வேண்டும், வருடம் போகப் போக அது கிடைப்பது அரிது. என்னைக் கேட்டால், முதல் டிஸ்க் போன சில மாதங்களில் இரண்டாவதிலும் எண் 5 ஏறத் தொடங்கினால், மேற்கொண்டு டிஸ்க் வாங்கிப் போடாமல் தரவைப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிடுவேன். பழையதை இரண்டாவது நகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய டிஸ்க்கை அழிக்காமல் வெளியே கொடுக்காதீர்கள். ரெய்டு 1 டிஸ்க்கில் எல்லாமே முழுதாக இருக்கும். ரெய்டு 5 டிஸ்க்கிலும் சின்னக் கோப்புகள் அப்படியே படிக்கக் கிடைக்கும்.