பெரிய நாய்க்குச் சாப்பாடு போடும் முறை

எங்கள் கிரேட் டேன் சாப்பிடுவதைப் பார்த்தால் விழுங்குகிறாளா, உறிஞ்சுகிறாளா என்று சந்தேகம் வரும். வருகிறவர்கள் ரசிப்பார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். இவளைப் போல நெஞ்சுக்கூடு ஒடுங்கி, ஆழமாக இருக்கிற நாய்களுக்கு (ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், ஸ்டாண்டர்ட் பூடில் எல்லாம் இந்த வகைதான்) இரைப்பை காற்றால் உப்பி, சில சமயம் அப்படியே முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் காற்று மேலும் வராது, கீழும் போகாது. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக் குழாய்களை நெரிக்கும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

அதனால் ஒரு நாள் உணவை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். இரண்டாக, முடிந்தால் மூன்றாகப் பிரியுங்கள். வேகத்தைக் குறைக்க, உள்ளே மேடு பள்ளம் வைத்த கிண்ணங்கள் கடையில் கிடைக்கும். நான் கேக் சுடும் குழித்தட்டில் பரப்பி வைக்கிறேன், அதுவே போதுகிறது. இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில் போடுங்கள். பக்கத்தில் இன்னொரு வாய் இருந்தால் எந்த நாயும் மெல்லாது.

உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைத்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். நான் வைப்பதில்லை. பெரிய இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உயரக் கிண்ணத்தில் சாப்பிட்டவற்றுக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்தது. கழுத்து வலி போன்ற காரணத்துக்காக மருத்துவர் சொன்னால் அது வேறு கதை.

சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் ஓட்டம், குதியாட்டம் வேண்டாம். இதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை, ஆனால் செய்வதில் நஷ்டமும் இல்லை. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சரி, எப்போது பதற வேண்டும்? நாய் திரும்பத் திரும்ப ஓங்கரிக்கிறது, ஆனால் நுரையைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். எச்சில் வழிவது, ஓரிடத்தில் படுக்க முடியாமல் தவிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, ஈறு வெளுப்பது எல்லாமே அறிகுறிகள். வயிறு மத்தளமாக உப்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். விலா எலும்புக் கூட்டுக்குள்ளேயே வீக்கம் மறைந்திருக்கலாம். வாயுவுக்கான மருந்து எதையும் ஊற்றி நேரத்தைக் கடத்த வேண்டாம். போகும் வழியிலேயே மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லுங்கள், தயாராக இருப்பார்கள். இரவில் எது திறந்திருக்கும் என்பதை மட்டும் இன்றே விசாரித்து வையுங்கள்.

இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதற்குப் பிறகும் வயிறு உப்பலாம், ஆனால் முறுக்கிக்கொள்வது மிக அரிது. கருத்தடை செய்யும்போதே சேர்த்துச் செய்தால் மயக்க மருந்து ஒருமுறைதான். இவளுக்கு அப்படித்தான் செய்தோம். குழித்தட்டு மட்டும் இன்னும் மாறவில்லை.