டிஸ்ட்ரிக்ட் மாறும்போது பிள்ளையின் கிஃப்டட் இடம் என்ன ஆகும்?

அமெரிக்காவில் வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறீர்கள், பிள்ளை இப்போது கிஃப்டட் வகுப்பில், அதாவது திறமை மிகுந்த பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், இருக்கிறது. புதுப் பள்ளியிலும் தானாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கிஃப்டட் கல்வி கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசின் சட்டம் எதுவும் இல்லை, எல்லாம் மாநிலமும் டிஸ்ட்ரிக்ட்டும் (அந்தப் பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வைத்ததுதான். ஜார்ஜியாவுக்குள்ளேயே மாறினால் ஓர் இடத்தில் பெற்ற தகுதியை மற்ற டிஸ்ட்ரிக்ட்டும் ஏற்க வேண்டும். டெக்ஸஸில் எல்லா டிஸ்ட்ரிக்ட்டிலும் திட்டம் உண்டு, ஆனால் யாரைச் சேர்ப்பது என்ற அளவுகோல் அவரவருடையது. கலிஃபோர்னியாவில் திட்டம் வைப்பதே டிஸ்ட்ரிக்ட்டின் விருப்பம்.

அதனால் வீட்டு லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, பள்ளியின் முன் அலுவலகத்தை விட்டுவிட்டு, டிஸ்ட்ரிக்ட்டில் கிஃப்டட் பிரிவைப் பார்ப்பவருக்கு ஈமெயில் போடுங்கள். இடையில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு எப்போது தேர்வு, வெளி மதிப்பெண்ணை ஏற்பார்களா, எத்தனை வருடம் பழையதுவரை ஏற்பார்கள், முழுநேர வகுப்பா, வாரத்துக்குச் சில மணி நேரம் தனியே கூட்டிப்போவதா என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் தேர்வு வைக்கும் இடத்தில் தேதியை விட்டால் ஒரு வருடம் போச்சு.

அடுத்தது காகிதம். ரிப்போர்ட் கார்டு போதாது. காக்ஏடி (CogAT) என்ற சிந்தனைத் திறன் தேர்வை எழுதியிருந்தால் சொல், எண், உருவம் என்று மூன்று பகுதிக்கும் தனித்தனியே பெர்சென்டைல் (நூறு பேரில் எத்தனை பேரைவிட மேலே என்ற எண்) போட்ட தாள் வேண்டும், ஏனென்றால் சில இடங்களில் மொத்தத்தைப் பார்ப்பார்கள், சில இடங்களில் ஒரு பகுதி உயர்ந்திருந்தாலே போதும். தகுதிக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மகளின் கோப்பைப் பழைய பள்ளி அனுப்பியபோது அந்த ஒரு தாள்தான் அதில் இல்லை, அதற்காக ஒன்றரை மாதம் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை ஃபெர்ப்பா (FERPA) என்ற மத்திய அரசுச் சட்டப்படி உங்களுக்கு உண்டு, ஆனால் பள்ளிக்கு 45 நாள்வரை அவகாசம் இருக்கிறது. அதனால் சீக்கிரமே எழுத்தில் கேட்டு, ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

தேர்வை மறுபடி எழுதச் சொன்னால் வந்து இறங்கிய வாரமே வேண்டாம், பிள்ளை கொஞ்சம் பழகட்டும், அடுத்த தேதி இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சிப் புத்தகங்களை அடுக்கிவைத்துப் படுத்தவும் வேண்டாம். கேள்வியின் வடிவம் புரிந்தால் போதும். காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் விரித்தபின் ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று ஒரு வகைக் கேள்வி வரும். ஒரு தாளையும் ஓட்டை போடும் கருவியையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் செய்து காட்டினால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இல்லை என்று பதில் வந்தால் மேல்முறையீடு உண்டா, கடைசித் தேதி என்ன என்று அன்றைக்கே கேளுங்கள். அதுவரை கணக்கில் மட்டுமாவது மேல் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று வகுப்பாசிரியரிடம் பேசிப் பாருங்கள், பல இடங்களில் அதற்குத் தனி வழி இருக்கிறது.